பம்புக்குள் சரளைக்கல் சத்தம்

நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடுகள். கீழே கார் நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, மொட்டைமாடியில் 2,000 லிட்டர் தொட்டி. படிக்கட்டுக்கு அடியில் 2 எச்.பி. மோனோபிளாக் பம்ப். தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கலந்து கிடக்கும். காலை ஐந்தரைக்கு டைமர் மோட்டாரைப் போடும், பதினான்கு நிமிடத்தில் நிறுத்தும்.

பிப்ரவரி கடைசியில் அந்தப் பதினான்கு நிமிடம் தாங்க முடியாததாகிவிட்டது. தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டு யாரோ விடாமல் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். முதல் மாடி வீட்டில் கைக்குழந்தை. வாட்ஸ்அப் குழுவில் தினமும் அதே புகார். நான் கிண்டியில் ஒரு டிசைன் ஆபீஸில் வேலை பார்ப்பவன், குழாயில் நீரோட்டம் சிமுலேஷன் செய்வதுதான் சோறு போடுகிறது. ஆகவே "சார் இன்ஜினியர்தானே, பார்க்கட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் எங்கள் பிளம்பர் அண்ணன் பேரிங் மாற்றினார். சத்தம் போகவில்லை. பிறகு பம்பின் வெளிக்கூடான கேசிங்கைத் திறந்து, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை வெளியே எடுத்தார். பித்தளை இம்பெல்லர், ஆறு இறக்கை. நடுவில் தண்ணீர் நுழையும் கண் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு இறக்கையிலும் நுழைவு விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஒரு திட்டு. அந்த இடம் மட்டும் கரையான் தின்ற மரம் மாதிரி பொறுபொறுவென்று இருந்தது. விரலை விட்டுத் தடவினால் உப்புத்தாள். மற்ற இடமெல்லாம் வழுவழுப்பு.

"போர் தண்ணி சார். உப்பு அரிச்சிருச்சு" என்றார் அண்ணன்.

உப்பு அரித்தால் எல்லா இடத்திலும்தானே அரிக்கும், ஆறு இறக்கையிலும் அச்சு எடுத்தாற்போல் ஒரே இடத்தில் மட்டும் ஏன் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புது இம்பெல்லர் போட்டார். சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. பழையதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இது கேவிடேஷன், அதாவது தண்ணீருக்குள் ஆவிக்குமிழிகள் பிறந்து நொறுங்குவது, என்று அப்போதே சந்தேகம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது நம் காற்றழுத்தத்தில்தான். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் சூடு ஏற்றாமலே கொதிக்கும். 31 டிகிரியில் உள்ள தண்ணீர், அழுத்தம் சுமார் 4,500 பாஸ்கலுக்கு இறங்கினால் ஆவியாகிவிடும். இறக்கையின் முன்விளிம்பைத் தாண்டியதும் தண்ணீர் வேகம் பிடிக்கும், அழுத்தம் விழும், குமிழிகள் கிளம்பும். இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் அழுத்தம் மீண்டும் ஏறும், குமிழி நொறுங்கும். குமிழி நொறுங்கும்போது எவ்வளவு அழுத்தம் எழும் என்று ராலே 1917-லேயே கணக்குப் போட்டுவிட்டார். பித்தளையைக் கொத்தி எடுக்க அது போதும். குமிழி பிறக்கும் இடம் அரிபடாது, சாகும் இடம்தான் அரிபடும். அந்த ஒரு விரற்கடை தூரம் அதனால்தான்.

ஆனால் காற்று இழுத்தாலும் ஏறத்தாழ இதே சத்தம் வரும். சம்ப்பிலிருந்து தண்ணீரை இழுக்கும் சக்ஷன் குழாயின் மூட்டில் மயிரிழைக் கசிவு இருந்தால் போதும். இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. மேலே தொட்டிக்குப் போகும் குழாயில் உள்ள டெலிவரி வால்வை மெல்லப் பாதி மூடினேன். தண்ணீர் குறைந்தது, கூடவே சத்தமும் அடங்கிப்போனது. ஓட்டம் குறைந்தால் சக்ஷன் குழாயின் உராய்வு குறையும், இறக்கை முனையில் விழும் அழுத்தமும் குறையும், கேவிடேஷன் அடங்கும். மூட்டுகளில் ஷேவிங் நுரை பூசியும் பார்த்தேன், எங்கும் உள்ளே இழுக்கவில்லை. சரி, கேவிடேஷன்தான்.

இத்தோடு சக்ஷன் குழாயை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஆபீஸில் எத்தனையோ பம்புக்குக் கேவிடேஷன் ஓட்டியிருக்கிறேன், ஒன்றின் சத்தத்தையும் காதால் கேட்டதில்லை. இப்போது சத்தம், அரிப்பு, இம்பெல்லர் மூன்றும் வீட்டிலேயே இருக்கின்றன.

கிண்டி பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துப் பழைய இம்பெல்லரின் முன்தட்டைக் கடைந்து எடுத்தேன். வெளி விட்டம் 146 மி.மீ., கண் 45, வெளியேறும் வாய் அகலம் 6. இறக்கை வளைவை வரைபடத் தாளில் பென்சிலால் பிரதி எடுத்து ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தேன். கேசிங்கின் உள்வடிவம்தான் பாடுபடுத்தியது. மெழுகு ஊற்றி அச்செடுத்தேன். சமையலறைப் பாத்திரம் ஒன்று அதில் போனது, அதைப் பற்றி வேண்டாம்.

சிமுலேஷன் ஓட்டியது ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளில். பம்பின் உள்வெளியை 12 லட்சம் செல்லாக, அதாவது சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த மெஷ், எட்டு கோர் உள்ள பழைய டெஸ்க்டாப். முதலில் ஆவியே இல்லாமல் வெறும் தண்ணீராக, அதிலுள்ள சிம்பிள்ஃபோம் என்ற நிரலில். இதைத் தாண்டி நேரே கேவிடேஷன் மாடலுக்குப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், ஏன் என்றுதான் புரிவதில்லை. ஒரு மணி நேர ஓட்டத்திலேயே எங்கே அழுத்தம் அதிகம் விழுகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சிம்பிள்ஃபோம் தரும் அழுத்தம் பாஸ்கல் அல்ல, அடர்த்தியால் வகுத்த எண். அதுவும் நாம் பூஜ்யம் என்று வைத்த இடத்திலிருந்து எண்ணுவது. எனக்குக் கிடைத்தது, நுழைவாயிலைவிட 34 கீழே. அதை 995-ஆல் பெருக்கினால் சுமார் 33,800 பாஸ்கல் வீழ்ச்சி. இடம்? முன்விளிம்பின் முதுகுப்பக்கம், அரித்த திட்டுக்குச் சற்று முன்னால். பழைய இம்பெல்லரைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பிறகு தண்ணீர் ஆவியாவதையும் கணக்கிடும் இன்டர்ஃபேஸ்சேஞ்ச்ஃபோம் நிரலின் சுழலும் மெஷ் வடிவம், அதில் ஷ்னெர்-சவுவர் என்ற ஆவி மாடல். நுழைவாயிலில் மொத்த அழுத்தத்தையும் வெளியேறும் வாயில் ஓட்டத்தையும் நாம் கொடுக்க வேண்டும். மொத்த அழுத்தத்துக்கு 1,01,325 கொடுத்தேன். சென்னை கடல்மட்டம்தானே, காற்றழுத்தம் அவ்வளவுதானே என்ற நினைப்பு. இரண்டு ராத்திரி ஓடியது. ஒரு சொட்டு ஆவி இல்லை. கணக்கின் மிச்சப் பிழையான ரெசிடுவல் அழகாக இறங்கியிருந்தது, பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரமான ஹெட்டின் கோடு நேராக இருந்தது. கீழே காலை ஐந்தரைக்குச் சரளைக்கல் உருண்டுகொண்டிருந்தது.

மறுநாள் பிளம்பர் அண்ணனிடம் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் விஷயம் ஒன்றும் வேண்டாம். "கேஜ் போட்டுப் பாத்தீங்களா சார்? மோட்டார் பக்கத்துல எவ்ளோ இழுக்குதுன்னு தெரியாம என்னான்னு சொல்றது?"

அடி வாங்கிய மாதிரி இருந்தது. பம்ப் பார்ப்பது காற்றழுத்தத்தை அல்ல. சம்ப்பிலிருந்து மேலே ஏறி, குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வையும் எல்போ வளைவுகளையும் தாண்டி வந்த பிறகு மிஞ்சுவதைத்தான்.

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கிப் பாரிமுனையில் ஒரு வேக்குவம் கேஜ் வாங்கி வந்தேன். அண்ணன் பம்புக்கு முன்னால் குழாயில் துளை போட்டுப் பொருத்தினார். முள் 550-இல் நின்றது, பாதரச மில்லிமீட்டரில். அதாவது 73,300 பாஸ்கல் காணாமல் போயிருக்கிறது. பம்பின் வாயில் மிஞ்சுவது 28,000 தான். நம் ஒன்றேகால் அங்குலக் குழாயில் ஓட்டம் விநாடிக்கு 2.6 மீட்டர் வேகம். அந்த வேகத்தின் பங்கைச் சேர்த்தால் மொத்த அழுத்தம் 31,400. நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! ஆவியழுத்தத்தைக் கழித்து மீட்டராக மாற்றினால் கையிருப்பு என்.பி.எஸ்.எச்., அதாவது தண்ணீர் ஆவியாகாமல் இருக்க பம்பின் வாயில் மிஞ்சியிருக்கும் அழுத்தம், வெறும் 2.8 மீட்டர்.

ஓட்டத்தை அளந்தது எப்படி என்று கேட்கலாம். காலி தொட்டி நிறையும் நேரத்தைக் கைபேசியில் பிடித்தேன். 13 நிமிடம் 20 விநாடி, அதாவது விநாடிக்கு 2.5 லிட்டர். எவ்வளவு பெரிய ஃப்ளோ மீட்டரும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்காது.

இந்தத் தடவை ஓட்டத்தைத் தட்டிவிட்டுத் தூங்கப் போகவில்லை. கேவிடேஷன் சிமுலேஷனை முடிந்தபின் படம் வரைந்து பார்த்தால் பாதி விஷயம் கைநழுவிப்போகும். ஓடும்போதே பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கான கட்டளைகள் இருக்கும் கன்ட்ரோல்டிக்ட் கோப்பில் மூன்று கண்காணிப்புகள் போட்டேன். முழு வெளியிலும் மிகக் குறைந்த அழுத்தம் ஒன்று. இம்பெல்லருக்குள் இருக்கும் ஆவியின் மொத்தக் கன அளவு இன்னொன்று, அதாவது ஒன்றிலிருந்து, செல்லில் தண்ணீரின் பங்கைச் சொல்லும் ஆல்ஃபா வாட்டரைக் கழித்து ஒவ்வொரு செல்லின் கன அளவோடும் பெருக்கிக் கூட்டுவது. மூன்றாவது ஹெட். மூன்றையும் ஒவ்வொரு நேரப்படியிலும் எழுதச் சொல்லி, க்னூபிளாட்டில் வரைந்து கைபேசிக்கு அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பழவந்தாங்கலில் ரயில் ஏறிக் கிண்டியில் இறங்குவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

2,880 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 20.8 மில்லிசெகண்ட். நேரப்படி 10 மைக்ரோசெகண்ட். ஒரு சுற்றுக்கு 2,080 படி, என் மெஷினில் நாலரை மணி நேரம். ஒரு அழுத்தத்துக்கு ஆறு சுற்றாவது ஓட்டினால்தான் கோடு அடங்கும்.

முதல் மாலையே குறைந்தபட்ச அழுத்தம் மைனஸ் 40,000-க்குப் போனது. ஆவி மாடல் போட்ட பிறகு அழுத்தம் ஆவியழுத்தத்தின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் கீழே போகலாம், இவ்வளவு போகாது. நல்லவேளையாக ஓப்பன்ஃபோம் எண்ணோடு அது எந்த இடம் என்பதையும் எழுதும். அந்த இடம் இறக்கையே இல்லை, கேசிங்கின் நாக்கு முனை, அதாவது வெளியேறும் வாயருகே இம்பெல்லரை ஒட்டி நீளும் கூர். அங்கே கசங்கிப்போன ஒரே ஒரு செல். படத்தை மட்டும் பார்த்திருந்தால் ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அந்த மூலையில் மெஷ்ஷைச் சரிசெய்து மீண்டும் தொடங்கினேன்.

அடுத்தது என் முட்டாள்தனம். அனிமேஷன் அழகாக வரட்டும் என்று முழுப் புலத்தையும், அதாவது எல்லாச் செல்லின் எண்களையும், இருபது படிக்கு ஒரு தடவை சேமிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு சுற்றுக்கே 20 ஜிபி. இரண்டே நாளில் டிஸ்க் நிறைந்து ஓட்டம் செத்தது. கண்காணிப்பு எண்களைப் படிக்குப் படி எழுதலாம், அவை சில கேபி. முழுப் புலத்தைக் கால் சுற்றுக்கு ஒன்று வைத்தால் தாராளம்.

மூன்றாவது நாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. யூ.பி.எஸ். பத்து நிமிடம்தான் தாங்கும். வீட்டுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டேன். ஆனால் கைபேசியில் கோடு நகரவே இல்லை. மெஷின் தொங்கிவிட்டது என்று நினைத்து நல்ல ஓட்டத்தை இரண்டு தடவை கொன்றேன். விஷயம் என்னவென்றால், மறுபடி தொடங்கும்போது ஓப்பன்ஃபோம் கண்காணிப்பு எண்களைத் தொடங்கிய நேரத்தின் பெயரில் புது அடைவில் (ஃபோல்டரில்) எழுதும். என் ஸ்கிரிப்ட் பூஜ்யம் என்ற பழைய அடைவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக இதே வேலை பார்க்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கோடுகள் சொன்ன கதைக்கு வருகிறேன். நுழைவாயில் அழுத்தத்தை 60,000-இல் தொடங்கிப் படிப்படியாக இறக்கினேன். 60,000, 45,000 இரண்டிலும் ஆவி இல்லை. 38,000-இல் இறக்கை முனைகளில் பொட்டுப்பொட்டாக, மொத்தம் 0.1 மி.லி. நம் பம்பின் உண்மை நிலையான 31,400-இல் 0.9 மி.லி. ஆவிக்கோடு அங்கே நேராக நிற்கவில்லை. ஒரு சுற்றுக்கு ஆறு தடவை துடித்தது. ஒவ்வொரு இறக்கையும் நாக்கைக் கடக்கும்போது ஒரு துடிப்பு.

அந்த நேரத்தில் ஹெட் கோடு என்ன செய்தது தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. ஒரு சதவீதம்கூட இறங்கவில்லை. ஹெட்டை மட்டும் பார்ப்பவனுக்கு இந்தப் பம்ப் சொக்கத்தங்கம். 26,000-இல்தான் லேசாகச் சரிந்தது, 22,000-இல் ஐந்து சதவீதம் விழுந்தது. பம்ப் கேட்லாக்குகளில் தேவையான என்.பி.எஸ்.எச். என்று போடுவது ஹெட் 3 சதவீதம் விழும் புள்ளியை. என் கணக்கில் அது சுமார் 2 மீட்டர். கையிருப்போ 2.8. காகிதத்தில் தப்பே இல்லை, தண்ணீரும் மேலே ஏறுகிறது. ஆனால் குமிழி 3.5 மீட்டர் சுமாரிலேயே பிறந்துவிட்டது. இம்பெல்லரைத் தின்பதும் குழந்தையை எழுப்புவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. ஆபீஸில் இத்தனை நாள் 3 சதவீதப் புள்ளியைக் கண்டுபிடித்து அறிக்கை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஓட்டங்களின் நடுவே அமைப்புக் கோப்பைச் சும்மா மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவியழுத்தம் 2,300 என்று இருந்தது. நான் போட்ட எண் இல்லை. கூடவே வரும் மாதிரிப் பயிற்சியிலிருந்து கோப்பைப் பிரதி எடுத்தபோது அதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 2,300 என்பது 20 டிகிரித் தண்ணீருக்கான எண். எங்கள் சம்ப்பில் 20 டிகிரித் தண்ணீரை மார்கழியில்கூட நான் பார்த்ததில்லை. நூலில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கினேன், 31. கோப்பில் பி-சாட் என்ற பெயரில் இருக்கும் அந்த ஆவியழுத்தத்தை 4,500 ஆக்கினேன். அதே 31,400 அழுத்தத்தில் ஆவி 0.6-லிருந்து 0.9 மி.லி. ஆனது. இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் தண்ணீர் உயரத்தில் 22 செ.மீ. தான். கையிருப்பே 2.8 மீட்டராக இருக்கும்போது 22 செ.மீ. சும்மா இல்லை. மேலே சொன்ன அளவுகள் எல்லாம் திருத்திய பின் மறுபடி ஓட்டியவை. குமிழி பிறக்க வித்தாகும் நுண்கருக்களின் எண்ணிக்கையை மட்டும் தொடவில்லை, கனமீட்டருக்கு 16 லட்சம் கோடி என்று கோப்பில் இருந்ததையே விட்டுவிட்டேன். எங்கள் சம்ப்புத் தண்ணீரில் அதை எண்ணுவது நம்மால் ஆகிற காரியமா?

கணக்கில் வந்த ஹெட் 27 மீட்டர், கேஜ்களில் அளந்தது 24.5. கேசிங்கின் சொரசொரப்பும் இம்பெல்லர் பக்கவாட்டுக் கசிவும் என் மாதிரியில் இல்லை. இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

காதால் கேட்பதையும் ஒப்பிட வேண்டுமே. ரிச்சி தெருவில் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் ஒரு பியசோ வட்டு வாங்கினேன், ஐந்து ரூபாய் காசு மாதிரி இருக்கும். கேசிங்கில் பெயின்ட்டைச் சுரண்டி ஃபெவிக்விக் வைத்து ஒட்டி, லேப்டாப்பின் மைக் துளையில் செருகி ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தேன். அலைவரிசைப் படத்தில் 288 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு கூரான முள். ஆறு இறக்கையை 48 சுற்றால் பெருக்கினால் அதே எண். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தடிமனாக ஒரு இரைச்சல் மேடு. டெலிவரி வால்வைப் பாதி மூடினேன். முள் அப்படியே நின்றது, மேடு கரைந்தது. நொறுங்கும் குமிழிகள் அந்த மேட்டில் இருக்கின்றன. பிளம்பர் அண்ணனுக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார். "மழை மாதிரி கேக்குது சார்" என்றார். நான் மூன்று வாரம் தேடிய சொல்.

பழுது பார்த்தது அரை நாள் வேலை. ஃபுட் வால்வின் சல்லடையில் பாசியும் சுண்ணாம்புமாக முக்கால்வாசி அடைப்பு. ஒன்றேகால் அங்குலக் குழாய், நாலு எல்போ. யாரோ சுவரோரம் அழகாகப் போக வேண்டும் என்று வளைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டு அங்குலக் குழாய், ஒரே ஒரு பெரிய வளைவு, புது ஃபுட் வால்வு. பம்ப் வாய்க்கு முன், குழாயைச் சிறிதாக்கும் இணைப்பில் ஒரு பக்கம் தட்டையாக உள்ள எக்சென்ட்ரிக் ரெடியூசர், தட்டைப் பக்கம் மேலே வருமாறு. சாதா ரெடியூசர் போட்டால் மேல் மூலையில் காற்று தங்கும். பாரிமுனையில் முதல் இரண்டு கடையில் சாதா ரெடியூசரையே எடுத்து நீட்டி "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். மூன்றாவது கடையில் கிடைத்தது.

போட்டதும் கேஜ் 550-லிருந்து 240-க்கு வந்தது. கையிருப்பு 6.7 மீட்டர். சரளைக்கல் இல்லை, மழையும் இல்லை, மோட்டாரின் ஊமை முனகல் மட்டும். பியசோவில் அந்த மேடு இல்லை. ஓட்டம் கூடினால் மோட்டார் கூடுதலாக இழுக்கும், ஆகவே கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆம்பியர் கொஞ்சம் ஏறியிருந்தது, நேம்பிளேட்டுக்கு உள்ளேதான்.

ஓட்டம் எவ்வளவு கூடியிருக்கும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. மறுநாள் காலை ஐந்து நாற்பத்தொன்றுக்குத் தொட்டி நிறைந்துவிட்டது. டைமருக்கு அது தெரியாதே, பதினான்கு நிமிடம் முடியும்வரை ஏற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவது மாடி மாமி மொட்டைமாடியில் வடாம் பிழிவதற்காக ராத்திரியே பாயும் வேட்டியும் விரித்து வைத்திருந்தார். வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி ஐந்து நாற்பத்தாறுக்கு வந்தது.